தட்டிக் கேளுங்கள்: இயந்திர அதிர்வு பற்றி வாசகர் கேள்விகள்

அரிசி ஆலையில் தவிட்டுத் தூசி இழுக்கும் ப்ளோயருக்கு வேகத்தை மாற்றும் டிரைவ் பொருத்தினோம். வேகத்தைக் கூட்டும்போது நிமிடத்துக்கு 1,100 சுற்றில் இரும்பு மேடை முழுவதும் நடுங்கியது. வெல்டிங் செய்பவர் கால்களுக்குக் குறுக்கே ஆங்கிள் வைத்துக் கொடுத்தார். இப்போது 1,100 சுற்றில் அமைதியாக இருக்கிறது. ஆனால் நாங்கள் நாள் முழுவதும் ஓட்டும் 1,400 சுற்றில் முன்பைவிட மோசமாக ஆடுகிறது. ஆங்கிள் வைத்தது தவறா அம்மா?
— ஆலை உரிமையாளர், காங்கேயம்

தவறில்லை. பாதி வழியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

எந்த மேடைக்கும் தனக்கென்று ஓர் ஆட்ட வேகம் உண்டு. அதை இயல் அதிர்வெண் என்கிறோம். விறைப்பு கூடினால் அது கூடும். சுமை கூடினால் குறையும். ஆனால் நேர்விகிதத்தில் அல்ல, வர்க்கமூலத்தில். இயந்திரத்தின் ஓட்ட வேகம் இதோடு ஒத்துப்போனால் ஆட்டம் பெருகும்; அதுதான் ஒத்ததிர்வு. உங்கள் மேடையின் ஆட்ட வேகம் 1,100-லிருந்து 1,400-க்கு ஏறியிருக்கிறது. 1,400-ஐ 1,100-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 1.62. அதாவது அந்த ஆங்கிள்கள் மேடையின் விறைப்பை 62 சதவீதம் கூட்டியிருக்கின்றன. வேலை நன்றாகவே நடந்திருக்கிறது. போய் நின்ற இடம்தான் உங்கள் ஓட்ட வேகத்தின் மேலேயே அமைந்துவிட்டது.

இதைக் கம்ப்யூட்டர் இல்லாமலே அளக்கலாம். ப்ளோயரும் மோட்டாரும் மேடையின் மேல்பகுதியும் சேர்ந்து 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆடும் திசையில் கயிறு கட்டி, நடுவில் தராசு மாட்டி, 50 கிலோ அளவுக்கு இழுங்கள். எதிர்ப்பக்கம் டயல் கேஜ் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் கருவி) வையுங்கள். அதன் தாங்கி தரையில் தனியாக நிற்க வேண்டும்; மேடையிலேயே வைத்தால் அதுவும் சேர்ந்து நகர்ந்து முள் அசையாது. முள் 0.057 மில்லிமீட்டர் காட்டினால், முழு எடைக்குச் சமமான இழுப்புக்கு அதன் எட்டு மடங்கு, 0.46 மில்லிமீட்டர். 946-ஐ அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஏறக்குறைய 1,400 சுற்று கிடைக்கும். ஆங்கிள் வைக்கும் முன் இழுத்திருந்தால் முள் 0.09-ஐக் காட்டியிருக்கும்; கணக்கு 1,100-க்கு அருகில் வந்திருக்கும். 946 என்பது புவியீர்ப்பு முடுக்கத்திலிருந்து வரும் எண். இயந்திர மேடை அமைக்கும் எவரும் மனப்பாடம் செய்ய வேண்டியது.

இனிச் செய்ய வேண்டியது. ஆட்ட வேகம் ஓட்ட வேகத்தைவிட 30 சதவீதமாவது மேலே போகட்டும். அதற்கு இப்போதுள்ள விறைப்பு இன்னும் 1.7 மடங்காக வேண்டும். படுக்கையாக மேலும் ஆங்கிள் வைப்பதில் பெரிய பயன் இல்லை. கால்கள் வளைந்துகொண்டேதான் இருக்கும். மேல் மூலையிலிருந்து எதிர்க் காலின் அடிவரை மூலைவிட்டமாக ஓர் ஆங்கிள் போடுங்கள். வளைவதைவிட நீள்வதும் சுருங்குவதும் இரும்புக்கு மிகக் கடினம். அதனால் ஒரே ஆங்கிளில் விறைப்பு பல மடங்கு ஏறும்.

இதற்கெல்லாம் முன்னால், இம்பெல்லர் (ப்ளோயருக்குள் சுழலும் விசிறி) தகடுகளில் ஒட்டிக் காய்ந்திருக்கும் தவிட்டைச் சுரண்டி எடுங்கள். மேடை ஆட்டத்தைப் பெருக்கிக் காட்டுகிறது. ஆட்டும் கை அங்கேதான் இருக்கிறது.

புதிதாக வாங்கிய முன்பக்கக் கதவு வாஷிங் மெஷின், துணி பிழியும்போது அறை நடுவுக்கு நடந்து வந்துவிடுகிறது. பழைய மெஷின் ஆரம்பத்தில் கொஞ்சம் ஆடும். வேகம் ஏறியதும் அமைதியாகிவிடும். இது அமைதியாவதே இல்லை.
— இல்லத்தரசி, மேட்டூர்

பழைய மெஷின் செய்ததுதான் சரி. தொட்டி ஸ்பிரிங்குகளில் தொங்குவதால் அதன் ஆட்ட வேகம் மிகக் குறைவு. பிழியும் வேகம் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. தாண்டும் சில நொடிகளில் மட்டும் குலுங்கும். 1880-களில் சுவீடனின் டி லாவல், நிமிடத்துக்கு 30,000 சுற்று ஓடிய தம் நீராவி டர்பைனுக்கு மெல்லிய, வளையும் ஷாஃப்ட்டைப் பொருத்தியதும் இதே தத்துவத்தில்தான்.

புது மெஷினின் பின்புறத்தைப் பாருங்கள். லாரியில் வரும்போது தொட்டி ஆடாமலிருக்க நீளமான போல்ட்டுகள் போட்டு இறுக்கியிருப்பார்கள். நிறுவும்போது அவற்றைக் கழற்ற வேண்டும். கழற்றாவிட்டால் ஸ்பிரிங்குகளுக்கு வேலையே இல்லை. தொட்டியின் குலுக்கம் முழுவதும் பெட்டிக்குப் போகும். இருந்தால் உடனே கழற்றுங்கள், ஆனால் எறிந்துவிடாதீர்கள். வீடு மாறும்போது தேவைப்படும்.

இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காக ஒரு பக்கம் பிடித்த எஃகுச் சட்டத்தின் அதிர்வெண்ணை ஃபைனைட் எலிமென்ட் முறையில், அதாவது பொருளை எலிமென்ட் என்ற சிறு துண்டுகளாகப் பிரித்து, கணக்கிடுகிறேன். மெஷ்ஷை (அந்தத் துண்டுகளின் வலையை) நுணுக்கமாக்க ஆக்க அதிர்வெண் குறைந்துகொண்டே வருகிறது. என் நண்பன் எழுதிய புரோகிராமில் அதே சட்டத்துக்கு அது கூடிக்கொண்டே போகிறது. இருவரில் யார் தவறு?
— இயந்திரவியல் மாணவி, நாகர்கோவில்

இருவரும் சரி. இந்தக் கேள்வியை எழுதிய உங்களை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஒரே ஒரு மெஷ்ஷில் ஓட்டி, வந்த எண்ணை அறிக்கையில் ஒட்டிவிட்டுப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு முனை இறுகப் பிடித்த சட்டத்துக்குத் துல்லியமான விடை நமக்குத் தெரியும்: முதல் அதிர்வெண்ணின் கெழு (அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்தில் மாறும் எண்) 3.516, இரண்டாவது 22.03. இப்போது முழுச் சட்டத்தையும் ஒரே எலிமென்ட்டாக எடுத்து, பொருண்மையை நீளம் முழுவதும் பரவியதாகவே வைத்துக் கணக்கிடுங்கள். முதல் கெழு 3.533 வரும். அரை சதவீதம்தான் பிழை! ஆனால் இரண்டாவது 34.81, அது பயனற்ற எண். இரண்டு எலிமென்ட்டாகப் பிரித்தால் முறையே 3.518, 22.22. விடை மேலிருந்து இறங்கி வருகிறது.

ஏன் மேலிருந்து? சட்டம் தன் விருப்பப்படி வளையும். நாமோ அதை ஒரு சில எளிய வளைவுகளுக்குள் மட்டுமே வளைய விடுகிறோம். கட்டுப்படுத்தப்பட்ட பொருள் கூடுதல் விறைப்புடன் நடந்துகொள்கிறது. மெஷ் நுணுக்கமானால் கட்டு தளர்கிறது. அதிர்வெண் உண்மையை நோக்கி இறங்குகிறது. உண்மைக்குக் கீழே மட்டும் போகாது. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு காட்டிய உண்மை இது.

உங்கள் நண்பர் பொருண்மையை முனைகளில் குவித்து வைத்திருப்பார். ஒரே எலிமென்ட்டில் பாதிப் பொருண்மை பிடித்த முனைக்குப் போய் வீணாகும். மீதிப் பாதி நுனியில் தொங்கும். அப்போது கெழு 6-இன் வர்க்கமூலம், 2.449. உண்மையைவிட 30 சதவீதம் குறைவு. எலிமென்ட்டுகளைக் கூட்டினால் கீழிருந்து ஏறி வரும். இரண்டு முறைகளையும் ஓட்டிப் பார்த்தால் உண்மை நடுவில் சிக்கிக்கொள்ளும். அறிக்கையில் இரண்டு கோடுகளையும் ஒரே படத்தில் வரையுங்கள். அந்த ஒரு படத்துக்காகவே நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

பிறகு கம்ப்யூட்டரை மூடிவிட்டு, ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகு ஸ்கேலை எடுத்துப் பட்டறை வைஸில் இறுக்குங்கள். 200 மில்லிமீட்டர் வெளியே நீட்டியிருக்கட்டும். கணக்குப்படி 20 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 20 ஆட்டத்துக்கு, சற்று மேல் வர வேண்டும். நுனி விசிறிபோல் மங்கித் தெரியும். 100 மில்லிமீட்டராகக் குறைத்தால் நான்கு மடங்காகி 80-ஐத் தாண்டும். இப்போது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேட்கும். ஸ்கேலின் அகலம் கணக்கில் வரவே வராது. அடுத்து, வைஸிலிருந்து எடுத்து மேசை விளிம்பில் கையால் அழுத்திக்கொண்டு மீட்டுங்கள். அதே நீளம், அதே எஃகு, ஆனால் ஒலி தாழும், சீக்கிரம் அடங்கும். உங்கள் மென்பொருளில் 'இறுகப் பிடித்தது' என்று ஒரு சொடுக்கில் போட்டுவிட்டீர்களே, அந்தச் சொடுக்குக்கு எவ்வளவு விலை என்பதை உங்கள் கையே சொல்லும்.

எங்கள் டிசைன் பிரிவில் ஒரு சட்டகத்துக்கு நாங்கள் கணக்கிடும் அதிர்வெண்ணும் பட்டறையில் அளக்கும் அதிர்வெண்ணும் 15, 20 சதவீதம் வேறுபடுகின்றன. மென்பொருளை மாற்றலாமா? தணிப்புக்கு (ஆட்டத்தை அடக்கும் தன்மைக்கு) எப்போதும் 2 சதவீதம் போடுகிறோம். சரியா?
— வடிவமைப்புப் பொறியாளர், ஓசூர்

மென்பொருளை மாற்ற வேண்டாம். கணித அறிஞர் லான்சோஸ் 1950-இல் கொடுத்த வழியில் ஐகன் மதிப்புகளை (அதிர்வெண்களைத் தரும் எண்களை) தேடும் எந்த நல்ல மென்பொருளும், நீங்கள் கொடுத்த அணிக்கு, அதாவது விறைப்பையும் பொருண்மையையும் எழுதிய எண் அட்டவணைக்கு, சரியான விடையைத்தான் தரும். நீங்கள் கொடுத்த அணி உங்கள் இயந்திரத்தின் அணிதானா என்பதுதான் கேள்வி.

நான் வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளில் நடந்ததைச் சொல்கிறேன். பம்புகளைச் சோதிக்கும் ஒரு மேடைக்கு நான்தான் கணக்குப் போட்டேன். மோட்டார் 1,440 சுற்று, அதாவது 24 ஹெர்ட்ஸ். என் கணக்கில் மேடை 31 ஹெர்ட்ஸ். போதிய இடைவெளி இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஓட்டிய முதல் நாளே, மேடையின் மேல் யாரோ வைத்த வாஷர் ஒன்று தானாக நகர்ந்து விளிம்புவரை போய்க் கீழே விழுந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு இரவுகள் தூங்காமல் உள்ளீடுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். தவறே இல்லை.

மூன்றாம் நாள் பட்டறையின் மூத்த ஃபிட்டர், கையில் அரைக்கிலோ சுத்தியலுடன் வந்தார். அடித்தகட்டின் மேல் ஒவ்வொரு ஃபவுண்டேஷன் போல்ட்டுக்கும் பக்கத்தில் தட்டினார். மூன்று இடங்களில் 'ணங்' என்றது. நான்காவதில் 'பொத்' என்றது. "இங்கே கலவை இறங்கவில்லை அம்மா" என்றார். தகட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே வெறும் காற்று. நான் கணினியில் நான்கு மூலைகளையும் பாறையில் பதித்ததுபோல் பிடித்திருந்தேன். நிஜத்தில் மேடை மூன்று காலில் நின்றது. 24-ஐ 31-ஆல் வகுத்து வர்க்கப்படுத்திப் பாருங்கள்: விறைப்பில் 40 சதவீதம் அந்த ஒரு 'பொத்'தில் போய்விட்டது. கிரவுட்டிங்கை (தகட்டுக்கு அடியில் ஊற்றிய கலவையை) உடைத்து மீண்டும் ஊற்றிய பிறகு அளந்தோம், 29 வந்தது. 31 அப்போதும் வரவில்லை. கான்கிரீட்டும் அதன் அடியிலுள்ள மண்ணும்கூட வளையும். அன்றிலிருந்து நான் எந்த அடித்தகட்டையும் 'இறுகப் பிடித்தது' என்று போட்டதில்லை. மூலைக்கொரு ஸ்பிரிங் வைப்பேன். அதன் விறைப்பை அளந்த எண்ணுக்குப் பொருந்தும்படி சரிசெய்வேன். உங்கள் 15, 20 சதவீதத்தையும் முதலில் போல்ட் இணைப்புகளிலும் அடித்தகட்டிலும் தேடுங்கள்.

பெரியவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. லண்டனில் தேம்ஸ் நதியின் மேல் கட்டிய மில்லெனியம் நடைபாலம் 2000 ஜூன் 10 அன்று திறக்கப்பட்டு, இரண்டே நாளில் மூடப்பட்டது. கணக்கைப் போட்டவர்கள் உலகின் தேர்ந்த பொறியாளர்கள். நடப்பவர் கீழ்நோக்கி மிதிக்கும் விசை கணக்கில் இருந்தது. பாலம் லேசாகப் பக்கவாட்டில் அசைந்ததும், ஆயிரக்கணக்கானவர்கள் நிலைதடுமாறாமலிருக்க அறியாமலே அதன் தாளத்துக்கு அடியெடுத்து வைப்பார்கள், அது அசைவை மேலும் வளர்க்கும் என்பது கணக்கில் இல்லை. அன்றைய வடிவமைப்பு விதிகளிலும் இல்லை. அதிர்வைத் தணிக்கும் கருவிகளைப் பல இடங்களில் பொருத்தி 2002 பிப்ரவரியில்தான் மீண்டும் திறந்தார்கள்.

தணிப்பு பற்றி: 2 சதவீதம் என்று எழுதினால், ஒத்ததிர்வில் ஆட்டம் 25 மடங்கு பெருகும் என்று பொருள். 1 சதவீதம் என்றால் 50 மடங்கு. பழக்கத்துக்காக எழுதும் ஓர் எண் உங்கள் விடையை இருமடங்காக்குகிறது. ஆகவே தட்டி அளந்துகொள்ளுங்கள். தட்டியபின் வீச்சு பாதியாகக் குறைய எத்தனை ஆட்டம் ஆகிறது என்று எண்ணி, 11-ஐ அந்த எண்ணிக்கையால் வகுத்தால் சதவீதம் கிடைத்துவிடும். வெல்டிங் சட்டகங்கள் 2-க்குக் கீழேதான் பெரும்பாலும் வரும். போல்ட் இணைப்புகள் அதிகமுள்ளவை கூடுதலாக வரும்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் இந்தக் கணக்குகளை எப்படிப் போட்டார்கள்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

பொறுமையாகப் போட்டார்கள். ராலே 1872-இல் கடுமையான காய்ச்சலில் விழுந்து, உடல் தேற நைல் நதிக்குப் போனார். அங்கே படகு வீட்டில் எழுதத் தொடங்கிய ஒலியியல் நூலின் முதல் பாகம் 1877-இல் வெளிவந்தது. ஆடும் வடிவத்தைச் சுமாராக ஊகித்தாலும் அதிர்வெண் நன்றாகவே கிடைக்கும் என்ற வழி அவருடையது. சுவிஸ் இயற்பியலாளர் வால்ட்டர் ரிட்ஸ் அதை விரித்து, ஒரு வடிவத்துக்குப் பதில் பல வடிவங்களைக் கலந்தார். ஓரங்கள் எங்கும் பிடிக்கப்படாத சதுரத் தகட்டின் அதிர்வைக் கணக்கிட்டு 1909-இல் வெளியிட்டார். 1787-இல் ஜெர்மன் அறிஞர் கிளாட்னி தகட்டில் மணல் தூவிக் காட்டிய கோலங்கள் காகிதத்தில் கணக்காக வந்தன. அதே ஆண்டு ரிட்ஸ் இறந்துபோனார். வயது 31.

கப்பல் டீசல் எஞ்சின்களின் ஷாஃப்ட் முறுக்கத்துக்கு 1921-இல் ஹோல்சர் கொடுத்த அட்டவணையை என் ஆசிரியர் எங்களைக் கையாலேயே போடவைத்தார். ஓர் அதிர்வெண்ணை ஊகித்துக்கொள்ள வேண்டும். முதல் சக்கரம் ஓர் அலகு முறுகுகிறது என்று தொடங்கி, அடுத்தது எவ்வளவு, அதற்கடுத்தது எவ்வளவு என்று கடைசிச் சக்கரம்வரை வரிவரியாக இறங்க வேண்டும். கடைசியில் மீதி முறுக்குவிசை பூஜ்யம் என்றால் ஊகம் சரி. இல்லையென்றால் வேறோர் எண்ணுடன் மறுபடி முதல் வரி. ஒரு மாலையில் ஐந்தாறு அட்டவணை போடுவோம். மீதி குறைந்துகொண்டே வந்து குறி மாறும் அந்தக் கணத்தில், ஷாஃப்ட் முறுகுவதை விரலில் உணர்ந்ததுபோல் இருக்கும்.

இன்றைய முறை பிறந்ததும் ஓர் அதிர்வுச் சிக்கலில்தான். 1952 கோடையில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ரே கிளஃப் போயிங் நிறுவனத்துக்கு வேலை செய்யப் போனார். முக்கோண வடிவ டெல்டா இறக்கையின் அதிர்வுக் கணக்கு அவரிடம் வந்தது. இறக்கையை உத்தரங்களாகப் பிரித்துப் போட்டார். சோதனை அளவுகளோடு பொருந்தவில்லை. அடுத்த கோடையில் அவருடைய தலைவர் டர்னர், இறக்கையின் தோலைச் சிறு முக்கோணத் தகடுகளாக வெட்டிப் பார்க்கச் சொன்னார். பொருந்தியது. 1956-இல் நால்வர் பெயரில் கட்டுரை வந்தது. ஃபைனைட் எலிமென்ட் என்ற பெயரை கிளஃப் 1960-இல் வைத்தார். அளந்த எண்ணோடு ஒத்துவரவில்லை என்று அவர்கள் நேர்மையாக ஒப்புக்கொண்டதிலிருந்துதான் அந்த முறை வந்தது என்பதை ஓசூர் நண்பரும் படிக்கட்டும்.

மிருதங்கத்தின் வலந்தலைக்குச் சுருதி சேர்க்கிறோம். தவிலுக்கோ பறைக்கோ அப்படித் தெளிவான சுருதி தெரிவதில்லை. இதற்கும் நீங்கள் எழுதும் கணக்குக்கும் தொடர்பு உண்டா?
— மிருதங்கம் கற்பவர், ஸ்ரீரங்கம்

நேரடித் தொடர்பு உண்டு. எங்கும் ஒரே தடிமனுள்ள வட்டத் தோலைக் கணக்கிட்டால் அதன் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30, 2.65, 2.92 என்ற விகிதத்தில் வரும். ஒன்றோடொன்று இயையாத எண்கள். அதனால் காது ஒரு சுரத்தைப் பிடிக்க முடியாமல் தவிக்கும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. ராமன், 1920-இல் ஒரு சக ஆய்வாளருடனும் 1934-இல் தனியாகவும் இதை எழுதினார். வலந்தலையின் நடுவில் ஏற்றிய கரணை என்ற கருப்புப் பூச்சு, தோலின் பொருண்மைப் பரவலை மாற்றிவிடுகிறது. ஒன்பது அதிர்வு வடிவங்கள் ஐந்து கூட்டங்களாகச் சேர்ந்து, 1, 2, 3, 4, 5 என்ற விகிதத்துக்கு நெருங்கி வந்து உட்கார்கின்றன. வீணைத் தந்திக்குள்ள ஒழுங்கு தோலுக்கு வந்துவிடுகிறது.

இன்று இதை ஃபைனைட் எலிமென்ட் முறையில், நடுவில் கனத்தைக் கூட்டிய வட்டத் தோலாகப் போட்டுப் பார்க்கலாம். கரணையின் விட்டத்தையும் கனத்தையும் மாற்றி மாற்றி ஓட்டினால் விகிதங்கள் நகர்ந்து நகர்ந்து முழு எண்களை நெருங்குவதைத் திரையில் காணலாம். ஆனால் மிருதங்கம் செய்பவரின் பக்கத்தில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். சோற்றோடு கருநிறக் கல்லின் பொடியைக் குழைத்து ஒரு துளி வைப்பார், வழவழப்பான கல்லால் தேய்ப்பார், தட்டிக் கேட்பார், மறுபடி ஒரு துளி. ஒவ்வொரு பூச்சும் ஒரு தீர்வு, ஒவ்வொரு தட்டும் ஒரு சரிபார்ப்பு. நாங்கள் கணினியில் செய்யும் அதே தொடர்த் திருத்தத்தை அவர் காதால் செய்கிறார். இந்த வேலைக்கு நான் தலைவணங்குகிறேன்.

கைப்பேசியில் அதிர்வு அளக்கும் செயலி இருக்கிறது. கிணற்று மோட்டாரின் பேரிங் போய்விட்டதா என்று அதில் கண்டுபிடிக்கலாமா?
— விவசாயி, அவிநாசி

பேரிங்குக்கு அது போதாது. செயலி நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்று முதலில் பாருங்கள். 100 முறை என்றால் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டுமே நம்பலாம். 2,880 சுற்று ஓடும் மோட்டாரின் ஆட்டமே 48 ஹெர்ட்ஸ், விளிம்பில் நிற்கிறது. மின்சாரத்தால் வரும் 100 ஹெர்ட்ஸ் முனகலை அது ஒவ்வொரு முறையும் ஒரே கட்டத்தில் பார்ப்பதால் அசைவே இல்லை என்று காட்டும். 99 முறை அளந்தால், நொடிக்கு ஒருமுறை மெதுவாக ஆடுவதாகப் பொய் சொல்லும். பேரிங் பழுது நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் பேசும்.

நீண்ட திருப்புளியின் நுனியைப் பேரிங் மூடியின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக் கேளுங்கள். துணி, துண்டு, தலைமுடி எதுவும் சுழலும் பாகத்தின் பக்கம் போகக் கூடாது. நல்ல பேரிங் சீராக இரையும். கரகரப்போ, இடைவிட்டு டிக் டிக் என்ற ஒலியோ கேட்டால் மெக்கானிக்கை அழையுங்கள். கேட்பதற்கு முன், மோட்டாரை நிறுத்திவிட்டு நான்கு ஃபவுண்டேஷன் போல்ட்டுகளின் பக்கத்திலும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். எது 'பொத்' என்கிறது என்று எழுதுங்கள்.